நின்ற கம்பியைப் படுக்க வைத்தேன்

காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஆர்.சி. புத்தகம், பழைய பார்க்கிங் சீட்டு, கண்ணாடி துடைக்கிற துணி எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒரு மாடல் காரில் அந்தப் பெட்டியின் மூடி எனக்குச் சொந்தம். சட்டப்படி இல்லைதான். ஆனாலும் அப்படித்தான் சொல்வேன். அந்த மாடல் வண்டியில் யார் என்னை ஏற்றிக்கொண்டாலும், கேட்காமல் கொள்ளாமல் மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பேன். போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் ஏறிய வாடகைக் காரில் ஆறு தடவை மூடினேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் கணவர் பின் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு, எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

அது 'டக்' என்று மூடும். காலையில் மூடும், மத்தியான வெயிலில் மூடும், மழையில் மூடும். அந்த 'டக்'குக்குப் பின்னால் என் வாழ்க்கையின் ஆறு மாதம் இருக்கிறது.

மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். ஆறு வருடம் கழித்துத்தான் திரும்பி வேலை தேடினேன். இந்த ஆறு வருடம் என்ன செய்தீர்கள் என்று எல்லா இன்டர்வியூவிலும் கேட்டார்கள். கடைசியில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில், காருக்கு உள்பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. டிசைன் பிரிவில் ஆறு மாதம் சோதனைக் காலம். முதல் நாளே மேலாளர் என்னை உட்கார வைத்து விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், கறார் பேர்வழி.

"இந்த மூடிதாம்மா உங்க வேலை. ஒழுங்கா மூடிச்சுன்னா நீங்க டிசைன்ல. இல்லேன்னா மேல டாக்குமெண்ட் செக்‌ஷன்ல ஒரு சீட் காலியா இருக்கு. அதுவும் நல்ல வேலைதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. அன்றே மாடிக்குப் போய் அந்த அறையைப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. நான்கு நாற்காலி, மூன்று பெண்கள். மூவரும் ஒரு காலத்தில் டிசைன் செய்தவர்கள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவர்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்கள் போட்ட ட்ராயிங்குகளுக்கு எண் கொடுத்து, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். நாலாவது நாற்காலியின் மேல் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். அதை எடுத்து, "உக்காருங்களேன்" என்றார்கள். நான் உட்காரவில்லை.

மூடி எப்படி மூடும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மூடியின் மேல் விளிம்பில் நடுவே ஒரு கொக்கி. அதற்கு எதிரே, பெட்டியின் வாயில் ஒரு இரும்புக் கம்பி. மூடியைத் தள்ளினால் கொக்கி கம்பியைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான். கம்பி நட்டுக்குத்தலாக நிற்கும். பழைய மாடலில் நின்றது, ஆகவே நானும் நிற்க வைத்தேன். ஏன் நிற்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு வந்த வம்பு எல்லாவற்றுக்கும் அப்படிக் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

நின்ற கம்பியைக் கொக்கி கவ்வ வேண்டுமானால், கொக்கி இடமோ வலமோ விலகாமல் நேரே வர வேண்டும். அது நேரே வருகிறதா என்பது ஐந்து பாகங்களைப் பொறுத்தது: மூடி, இரண்டு கீல், பெட்டி, கம்பியைத் தாங்கும் தகடு. எந்தப் பாகமும் சொன்ன அளவில் அச்சாக வராது. இவ்வளவு வரை கூடலாம், குறையலாம் என்று ட்ராயிங்கில் எழுதிக் கொடுப்போம். அதுதான் டாலரன்ஸ். ஒவ்வொன்றுக்கும் 0.2 மில்லிமீட்டர் கொடுத்திருந்தேன். ஐந்தும் சேர்ந்தால் கொக்கி எவ்வளவு விலகும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

கூட்டுவதற்கு இரண்டு விதம் உண்டு. முதலாவது பயந்தவர்கள் கூட்டுவது: ஐந்தும் ஒரே சமயத்தில் ஒரே பக்கமாகத் தவறும் என்று வைத்துக்கொண்டு அப்படியே கூட்டினால் ஒரு மில்லிமீட்டர் வரும். இரண்டாவது நம்பிக்கைக்காரர்கள் கூட்டுவது: ஒன்று இந்தப் பக்கம் தவறினால் இன்னொன்று அந்தப் பக்கம் தவறி ஈடுகட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டு, வர்க்கம் வர்க்கமூலம் எல்லாம் போட்டுக் கணக்கிட்டால் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். என் கொக்கியின் வாய் தாங்குவது பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர். நான் நம்பிக்கைக்காரியானேன். கணக்கு பிரமாதமாக வந்தது. ஆறு வருடம் கழித்தும் கை மறக்கவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வீட்டில் மட்டும் எனக்கு அந்த நம்பிக்கை இருந்ததே கிடையாது. நாங்கள் இருப்பது முடிச்சூரில். தாம்பரத்தில் கிளம்புகிற கம்பெனி பஸ் ஏழு பத்துக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். குக்கர், மோட்டார், மகளின் பின்னல், அவளுடைய காணாமல் போன இடது ஷூ, பால்காரர் என்று ஐந்தாறு விஷயம் அதற்குள் நடந்தாக வேண்டும். ஒன்று தாமதமானால் இன்னொன்று சீக்கிரம் முடியும் என்று எந்தக் காலையிலும் நான் நம்பியதில்லை. மழை பெய்தால் எல்லாம் சேர்ந்துதான் தாமதமாகும், ஏனென்றால் எல்லோருக்கும் அது ஒரே மழை. இது தெரிந்த மனுஷி ஆபீசில் போய் வேறு மாதிரி கணக்குப் போட்டிருக்கிறாள்.

முதல் தொகுதி பாகங்கள் வந்ததும், கீழே அசெம்பிளி லைனில் பொருத்தி முடித்த ஐம்பது பெட்டிகளை எடுத்து நானே அளந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கொக்கி எல்லாவற்றிலும் கம்பிக்கு நேரே நின்றது. கணக்கில் வந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை. வண்ண வண்ணமாகக் கோடு போட்டு ஒரு அறிக்கை தயாரித்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆவணி கடைசியில், எங்களிடம் பெட்டி வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பொருத்திய பெட்டியாக வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாக அனுப்புங்கள், எங்கள் லைனில் நாங்களே பொருத்திக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்று அனுப்பினோம். சோதனை ஓட்டத்துக்கு நானும் போனேன். மத்தியானம் இரண்டு மணி. தகரக் கூரைக்குக் கீழே எங்கள் பாகங்கள் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தன.

முதல் மூடி மூடியது. இரண்டாவது மூடியது. மூன்றாவது மூடவில்லை. பொருத்தியவர் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அதற்கும் மூடவில்லை. கொக்கியின் உதடு கம்பியின் மேல் மோதி நின்றது. அதற்குப் பிறகு மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று நின்றுகொண்டே வந்தது. பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் என் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. மூன்று வாரத்தில் இன்னொரு சோதனை, அதோடு முடிவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் சோதனைக் காலமும் ஏறக்குறைய அன்றைக்குத்தான் முடிகிறது.

மேலாளர் கத்தவில்லை. "டாலரன்ஸைப் பாதியாக்குங்க" என்றார். 0.2 இருந்த இடமெல்லாம் 0.1. இந்த ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். ஏதாவது பொருந்தவில்லை என்றால் எண்ணைச் சின்னதாக்கிப் பாகம் செய்பவர் தலையில் கட்டிவிடுவோம். நானும் யோசிக்கவில்லை. கோபத்தில் இருந்தேன், அந்தக் கோபத்துக்கு 0.1 என்று எழுதுவது இதமாகவே இருந்தது.

மூடியை எங்களுக்கு அச்சில் அடித்துக் கொடுப்பவர் படப்பை கடைத்தெருவுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்தார். புது ட்ராயிங்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு மூடியைக் கொண்டு வந்தார்.

"இது காலைல அடிச்சது மேடம். இது இப்ப அடிச்சது. அதே மோல்ட், அதே மிஷினு. ஒண்ணு மேல ஒண்ணு வச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். மத்தியான மூடி ஒரு மயிரிழை அகலமாக இருந்தது. விரல் வைத்தால் தெரிந்தது. அகலம் கூடினால் அதன் நடுவில் இருக்கிற கொக்கியும் கம்பியை விட்டு விலகும்.

"நீங்க பேப்பர்ல பாதி பண்ணிட்டீங்க. வெயில நான் எப்டி மேடம் பாதி பண்றது?"

மோல்ட்டைத் திருத்தலாம், ஆனால் அதற்கே இரண்டு வாரம் ஆகும், திருத்தினாலும் வெயிலுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. மூடி காலைக்கு ஒரு அளவு, மத்தியானத்துக்கு ஒரு அளவு என்றால், நான் அளந்த ஐம்பது பெட்டியும் எப்படிச் சொல்லி வைத்தது போல நேராக இருந்தன?

நேரே லைனுக்குப் போனேன். எங்கள் லைனில் பதினைந்து பேர், எல்லோரும் பெண்கள். படப்பை, சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள். லைனைப் பார்த்துக்கொள்பவர் ஒரு அக்கா. அவருடைய ஒரு குரலுக்குப் பதினைந்து பேரும் அடங்குவார்கள். என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார், ஆனால் 'நீ' என்று பேசுவார். நான் போனபோது அவர் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றை நீல டப்பில் போட்டார், ஒன்றை மஞ்சள் டப்பில் போட்டார். பக்கத்தில் இன்னொரு பெண் பெட்டிகளை அதே மாதிரி பிரித்துக்கொண்டிருந்தாள். நீலத்துக்கு நீலம், மஞ்சளுக்கு மஞ்சள் என்று சேர்த்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னக்கா?" என்றேன்.

"ஜோடி பாத்துப் போட்றோம் மேடம். அகல மூடிக்கு அகலப் பொட்டி. பத்துப் பொருத்தமும் பாத்துட்டுத்தான் அனுப்புறோம்" என்றார். சுற்றிலும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கு ஏறியது. நான் அளந்தது என் டிசைனை அல்ல, இவர்களுடைய விரல்களை. யார் உங்களைப் பிரிக்கச் சொன்னது, பிரித்தால் எனக்கு ஏன் சொல்லவில்லை, இதனால் கார் கம்பெனியில் நான் எப்படி நின்றேன் தெரியுமா என்று பதினைந்து பேர் முன்னால் சத்தம் போட்டேன். கடைசியில் அழுகிற குரலாகிவிட்டது. அது இன்னும் அவமானமாக இருந்தது.

அக்கா கையில் இருந்த மூடியைக் கீழே வைத்தார்.

"கோச்சிக்காத மேடம். டிசைன் ரூம்லேர்ந்து ஒரு லேடீஸ் போட்ட பொருளு நம்ம லைனுக்கு வர்றது இதான் மொத தபா. இங்கியே மாட்டிக்கினு நின்னுச்சுனா ஒன்னிய என்னா பேசுவானுங்க. அதான் நாங்களே பாத்துப் பாத்துப் போட்டோம். உனுக்கு நல்லது பண்றோம்னு நெனச்சோம்."

நான் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் உடம்பில் ஒட்டாது. இது ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத பதினைந்து பேர், நான் தோற்கக்கூடாது என்று மூன்று மாதமாக ஒவ்வொரு மூடியாகத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அதனாலேயே என் தப்பு எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோங்கக்கா என்றேன். யாரோ டீ கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் இறங்கும்போது நல்ல மழை. எங்கள் தெருவில் அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்டைத் தள்ளினேன். உள்ளே போய்த் திரும்பிக் கேட்டைச் சாத்தினேன். கொண்டி விழுந்தது.

வீட்டுக்குள் கணவர் குளியலறைக் கதவோடு போராடிக்கொண்டிருந்தார். மழை வந்தால் அந்தக் கதவு ஊதிக்கொள்ளும், தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது. ஒவ்வொரு மழைக்கும் அவர் அரத்தை எடுத்துத் துளையை ராவுவார். வெயில் காலத்தில் கதவு சுருங்கும், ராவிய துளையில் தாழ்ப்பாள் ஆடும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். "கொஞ்சம்தான். ஒரு நூல் ராவினா செட்டாயிடும்" என்றார். ஐந்து வருடமாக அதையேதான் சொல்கிறார். மேலாளரும் அதையேதான் சொன்னார். நானும் அதையேதான் ட்ராயிங்கில் எழுதினேன்.

ஈரத்தோடு அப்படியே திரும்பி வாசலுக்குப் போனேன். கேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நின்று நின்று ஒரு பக்கத் தூண் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கேட்டே சாய்ந்து நின்றது. ஆனாலும் கொண்டி ஒரு நாளும் மாட்டாமல் இருந்ததில்லை. அது விழுகிற இடத்தில் துளை கிடையாது. நீளமாக ஒரு கம்பி, மேலிருந்து கீழ் வரை. தூண் இறங்கினாலும் கொண்டி அந்தக் கம்பியில் எங்கேயாவது போய் மாட்டிக்கொள்ளும். கேட் போட்ட வெல்டரிடம், கம்பி ஏன் இவ்வளவு நீளம், அசிங்கமாக இருக்கிறதே என்று அன்று நான்தான் கேட்டேன். "மழை வந்தா எப்டியும் எறங்கும் மேடம். எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தார்.

இறங்கட்டும். நான் மழையில் நின்றுகொண்டு கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். தூண் எந்தப் பக்கம் நகருமோ அந்தப் பக்கமாகவே கம்பியை நீட்டியிருக்கிறார். என் மூடி நகர்வது இடமும் வலமும். என் கம்பியோ நின்றுகொண்டிருக்கிறது. அதைப் படுக்க வைத்தால்?

மகள் குடையோடு வந்து, "அம்மா, ஏன் கேட்டோட வெளையாடுற?" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

தலையைக்கூடத் துவட்டாமல் அவளுடைய வரையும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். கம்பி படுத்திருந்தால் கொக்கி இடமோ வலமோ எவ்வளவு விலகினாலும் கம்பியின் மேல்தான் வந்து விழும். வெயிலில் மூடி அகலமாகட்டும், கவலையில்லை. கொக்கியைக் கால் சுற்று திருப்பிப் பொருத்த வேண்டும். அதன் நான்கு திருகுகளும் ஒரு சதுரத்தின் மூலைகளில் இருந்ததால் அதுவும் பிரச்சினை இல்லை. இனி மேலும் கீழும் மட்டும்தான் சரியாக வர வேண்டும். மூடி கீழ் விளிம்பில் கீல் மேல் நிற்கிறது, உயரமும் குறைவு என்பதால் வெயிலில் மேலே அதிகம் நீளாது. மேல் கீழ் அளவை மாற்றக்கூடியவை ஐந்து பாகம் இல்லை, மூடி, கம்பித் தகடு என்று இரண்டே பாகம். பயந்தவர்கள் விதத்திலேயே கூட்டினேன்: 0.2, இன்னொரு 0.2, மொத்தம் 0.4. கொக்கி தாங்குவது அரை. நம்பிக்கையே தேவைப்படாமல் கணக்கு நின்றது. நோட்டைத் தூக்கிக் கணவரிடம் காட்டினேன். அவர் அரத்தோடு வந்து பார்த்துவிட்டு, "அப்ப இந்தக் கதவுக்கும் ஒண்ணு யோசியேன்" என்றார்.

மறுநாள் மேலாளர் என் ட்ராயிங்கை வெகுநேரம் பார்த்தார்.

"பாதியாக்கச் சொன்னேன். நீங்க பாயிண்ட் டூவை பாயிண்ட் ஃபைவ் ஆக்கியிருக்கீங்க. டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்ல சார். தெரிஞ்சுதான் போட்டேன். பக்கவாட்டுல அவ்ளோ கறாரா இருக்கத் தேவையில்ல. மேல் கீழ் மட்டும் பாயிண்ட் டூ. அத விடல."

அவர் பேனாவை மூடினார். "இங்க பாருங்கம்மா. மூணு வாரத்துல ஒண்ணுதான் பண்ண முடியும். மோல்ட்டைத் திருத்தணும், இல்லேன்னா கம்பியை மாத்தணும். மோல்ட்டைத் திருத்தி ஃபெயில் ஆனா, செய்ய வேண்டியதச் செஞ்சோம்னு நான் உங்களுக்காகப் பேசலாம். கம்பியை மாத்தி ஃபெயில் ஆனா என்னால பேச முடியாது. நீங்களே சொல்லுங்க."

மாடியில் அந்த நாலாவது நாற்காலி என் கண் முன்னால் வந்தது. பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முந்தின நாள் மழையில் அந்தக் கொண்டியைத் தூக்கிப் போட்ட கைக்குப் பயம் இல்லை.

"கம்பியை மாத்திடலாம் சார்" என்றேன்.

கம்பி வளைப்பவருக்கு நாலு நாள்தான் பிடித்தது. புதுக் கம்பியும் திருப்பிய கொக்கியும் வந்ததும் நான் லைனுக்குப் போய் அக்காவிடம் ஒரு உதவி கேட்டேன். ஜோடி சேர்க்கத் தெரிந்த உங்களுக்குப் பிரிக்கவும் தெரியும், பொருத்தமே இல்லாத ஜோடிகளாக எனக்கு நாற்பது எடுத்துக் கொடுங்கள் என்றேன். அகலத்திலேயே பெரிய அகலம், குறுகலிலேயே பெரிய குறுகல். அக்கா ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா மேடம், நல்லா யோசிச்சியா? பெருசா மாட்டிக்கப் போவுது."

"மாட்டட்டும்கா. அங்க போய் மாட்றதுக்கு இங்கயே மாட்டட்டும்."

அதற்குப் பிறகு அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருக்கிற டப்பையெல்லாம் கொட்டிக் கவிழ்த்து, பதினைந்து பேரும் சேர்ந்து, உலகத்திலேயே ஒத்துவராத மூடியையும் பெட்டியையும் தேடிப் பிடித்தார்கள். "இதுங்க ரெண்டும் கோர்ட்டுக்குத்தான் போவும்" என்று ஒருத்தி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நாற்பதையும் மொட்டை வெயிலில் ஷெட்டுக்கு வெளியே பரப்பி வைத்தோம். மத்தியானம் அங்கேயே பொருத்தினோம். அக்கா முதல் மூடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். டக். அடுத்தது டக். நாற்பதும் மூடின. அக்கா நாற்பதையும் திறந்து மறுபடி மூடினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கார் கம்பெனியில் இரண்டாவது சோதனை. அதே நாற்பது கோர்ட் ஜோடிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனோம். வேறு நல்ல ஜோடி எதுவும் கொண்டு போகவில்லை. மேலாளரும் வந்தார். மத்தியானம் இரண்டு மணி, அதே தகரக் கூரை, அதே கூட்டம். போன தடவை உள்ளங்கையால் தட்டியவர்தான் இன்றைக்கும். தட்டத் தயாராகக் கையை உயர்த்திக்கொண்டே முதல் மூடியைத் தள்ளினார். டக். கை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

பத்து ஆனது. இருபது ஆனது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூடியின் ஒரு மூலையில் மட்டும் விரல் வைத்து, கோணலாகத் தள்ளிப் பார்த்தார். மூடியது. முழங்கையால் இடித்தார். மூடியது. முப்பதைத் தாண்டியதும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. யார் பார்த்தால் எனக்கென்ன.

அந்த இன்ஜினியர் வந்து, "டாலரன்ஸை எவ்ளோ டைட் பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார்.

"டைட் பண்ணல. லூஸ் பண்ணேன்" என்றேன்.

மேலாளர் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். பிறகு அந்த இன்ஜினியருக்குக் கம்பியைக் காட்டி, ஏன் படுத்திருக்கிறது என்று தன் சொந்த யோசனை போலவே அவ்வளவு அழகாக விளக்கினார். எனக்குக் கோபமே வரவில்லை. திரும்பி வரும்போது காரில், "நீங்க சொன்னதைத்தாம்மா சொன்னேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் கம்பெனி வாசலில் இறங்கியதும் லைனுக்கு ஓடினேன். ஓடி வருகிற விதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி சுற்றிப் போட்டார். எல்லோருக்கும் அதிரசம் வந்தது எங்கிருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீலமும் மஞ்சளுமாகப் பிரிந்திருந்த மூடிகளை ஒரே டப்பில் கொட்டினார்கள். அன்றிலிருந்து மஞ்சள் டப்பு அவர்களுடைய டிபன் பாக்ஸ் வைக்கிற டப்பு.

அந்த வாரக் கடைசியில் ட்ராயிங்கின் இறுதிப் பிரதி வந்தது. ஓரத்துக் கட்டத்தில் 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. அதைப் பதிவு செய்ய மாடிக்குத்தான் கொண்டு போக வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். நாலாவது நாற்காலியில் கைப்பை இருந்தது. முத்திரை குத்துபவர் மூவரில் மூத்தவர். ட்ராயிங்கை விரித்தவர் முத்திரையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற இருவரும் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"கம்பியைப் படுக்க வச்சிட்டீங்க" என்றார். "நல்லா இருக்கு. ஆனா இப்ப கொக்கிக்குப் பக்கவாட்டு இழுப்பு இல்லையே. எதுக்கு நாலு திருகு? ரெண்டு போதுமே."

நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்று வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவில்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்தவருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றிவிட்டது. பதினோரு வருடமாக அந்த அறையில் மற்றவர்கள் ட்ராயிங்கை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல்.

"கீழ வந்து சார்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஐயோ, நான் எதுக்கு. நீங்களே சொல்லிடுங்க."

"உங்க யோசனைய நான் சொல்லமாட்டேன். வாங்க."

அவர் முத்திரையைப் பார்த்தார், மற்ற இருவரையும் பார்த்தார். "போயேன்" என்றார்கள் அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில். அவர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு ட்ராயிங்கைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் படி இறங்கும்போது அந்த அறையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.